குங்குமத்தைச் சுற்றித் துடைப்பவர்

பொதுமக்களின் கவனத்துக்கு ஒரு ஜீவராசியைக் கொண்டுவருகிறேன். இரண்டு கால், இரண்டு கை. கால்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் கைகளைப் பற்றித்தான். உங்கள் செல்போன் சரியில்லை என்று நீங்கள் உங்கள் வீட்டு ஆளிடம் முணுமுணுத்தால் போதும், அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு கை நீளும். "கொண்டாங்க இங்கிட்டு" என்று ஒரு குரல் வரும். போன் உங்கள் கையில் இருக்காது. இவர்தான் போன் வைத்தியர்.

எங்கே படித்தார்? யாருக்கும் தெரியாது. கட்டணம் உண்டா? கிடையாது. ஆபத்தே அங்கேதான். காசு வாங்குகிற கடைக்காரனை நாலு பேரோடு போய்க் கேள்வி கேட்கலாம். ஓசியில் கெடுத்தவனை என்ன கேட்பீர்கள்? அவருக்கு நீங்கள்தான் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்துமிருக்கிறீர்கள்.

குளத்தூரில் எங்கள் சுமைதூக்குவோர் கொட்டகைக்கு எதிரே சாக்குப் படுதாவுக்கு அடியில் மேஜை போட்டிருக்கும் ரைட்டர் கோபிநாத் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த உருப்படி. தொழில் பத்திரம் எழுதுவது. அதனால் வைத்தியமும் பத்திர பாஷையில்தான் நடக்கும். போனை வாங்கியதும் முன்பக்கம் பார்க்க மாட்டார். திருப்பி முதுகைப் பார்ப்பார். காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். "இதுல வில்லங்கம் இருக்கு" என்பார். எப்போது வாங்கியது, யாரிடம் வாங்கியது, அதற்கு முன் யார் அனுபவத்தில் இருந்தது என்று தாய்ப் பத்திரம் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு, கடைசியில் ஸ்விட்ச் ஆஃப் செய்து ஸ்விட்ச் ஆன் செய்வார். அது சரியாகிவிட்டால் அவருடைய திறமை. சரியாகாவிட்டால் உங்களுடைய போன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கொட்டகையில் முத்துராஜ் என்று ஒரு தொழிலாளி. உர மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்து நாலு மாதமாக உட்கார்ந்திருக்கிறான். இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் பதிந்து வைத்தோம். அந்த ஆஸ்பத்திரியில் மனிதர்கள் போன் செய்வதில்லை, மெஷின்தான் செய்யும். "உங்கள் தேதியை உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும்" என்று பாடும். மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றிலும் அழுத்தாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு தை மாதம்தான்.

முதல் போன் கால் திங்கட்கிழமை வந்தது. முத்துராஜின் சம்சாரம் புவனேஸ்வரி எடுத்தாள். எடுத்த உடனே திரை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. உள்ளே அந்த மெஷின் அம்மாள் "ஒன்றை அழுத்தவும், ஒன்றை அழுத்தவும்" என்று பாடிக்கொண்டிருக்கிறாள். ஒன்று எங்கே இருக்கிறது? கரிச்சட்டியில் எங்கே என்று தேடுவது? கால் முடிந்த பிறகு திரை பளிச்சென்று வந்தது. புதன்கிழமை இரண்டாவது கால். மறுபடி இருட்டு. பதறிப்போய் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாள். காலே கட்டாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு.

போனில் என்ன கோளாறு என்பதை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை. ஆயுதபூஜையன்று கொட்டகையில் கொக்கி, தராசு, தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவி அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். போனும் ஆயுதம்தானே என்று முத்துராஜ் அதையும் வரிசையில் வைத்தான். தலைமாட்டில், காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எட்டணா அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தான். பூஜைக் குங்குமம் தானாக உதிர்ந்தால் சகுனம் சரியில்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அது உதிரக்கூடாது என்று அதன்மேல் செலோ டேப்பும் ஒட்டிவிட்டான். பத்து நாளாகக் கொட்டகை மொத்தமும் அதைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே புவனேஸ்வரி போனோடு வந்துவிட்டாள். கடைக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறாள். ரைட்டர் விடுவாரா?

"எங்கம்மா போற? கொண்டா இங்கிட்டு. கடைக்காரன் டிஸ்ப்ளே போச்சுன்னு சொல்லி ஒன் தலையில மொளகா அரைப்பான்."

"இல்லண்ணே, பதினோரு மணிக்குக் கால் வரும்..."

"அதுக்குள்ள புதுசாக்கித் தாரேன்."

"பூசை முடிஞ்சதுல இருந்துதாண்ணே இப்படி இருக்கு."

"சாமிய எதுக்கும்மா இதுல இழுக்குற? இது சாஃப்ட்வேர்."

சாஃப்ட்வேர் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மறுபேச்சுக் கிடையாது. அவள் கொடுத்துவிட்டாள்.

அவர் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் வேட்டி நுனியை எச்சிலில் நனைத்துத் திரையைத் துடைத்தார். எப்படித் துடைத்தார்? குங்குமத்தின் மேல் விரல் படாமல், சாமியைப் பிரதட்சிணம் வருகிற மாதிரி சுற்றிச் சுற்றித் துடைத்தார். திரை கண்ணாடியாக மின்னியது. குங்குமம் அம்பாளாக வீற்றிருந்தது. அப்புறம், "மெமரி ரொம்பிருச்சு, அதான் மூச்சு முட்டுது" என்று அந்த வீட்டுப் பிள்ளையின் காதுகுத்துப் போட்டோக்களில் பாதியை அழித்தார். அது போதாதென்று புவனேஸ்வரியின் தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, சிம்கார்டைக் குத்தி வெளியே எடுத்து, கண்ணில் தூசி விழுந்த குழந்தைக்கு ஊதுகிற மாதிரி ஊதினார்.

சங்கத் தலைவன் நான் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. "ரெண்டு வருசத்துல கெட்டுப்போற மாதிரியே செஞ்சு விக்கிறான், அதுதான் அவன் லாபம்" என்று ஒரு பேச்சுப் பேசினேன். நல்ல பேச்சு. துண்டறிக்கைக்கு ஆகும். போனுக்கு ஆகவில்லை.

மணி பத்தே முக்கால். ரைட்டர் தன் போனிலிருந்து நெட் கொடுத்து அப்டேட் போட்டுவிட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சிம்கார்டு முத்திரைத்தாள் கட்டின்மேல் கிடக்கிறது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த முத்துராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"ரைட்டரே, நேரமாச்சு. வந்த மாதிரியே குடுத்துருங்க. இந்தத் தேதி போச்சுன்னா தை வரைக்கும் தாங்க மாட்டேன்."

"அடப் பொறுய்யா. பாதியில நிறுத்துனா செத்துரும்."

எது செத்துவிடும்? போனா, இவனா? அதை அவர் தெளிவுபடுத்தவில்லை.

பத்து ஐம்பத்தேழுக்கு வட்டம் நின்றது. புவனேஸ்வரி போனைப் பிடுங்கினாள். தானே சிம்கார்டைச் சொருகினாள். பிறகு அவள் செய்ததை வரி வரியாக எழுத வேண்டும். நகத்தால் செலோ டேப்பின் ஓரத்தை நிமிண்டினாள்.

"ஏய், ஏய்! பூசைக் குங்குமம்டி! அழிக்காத!" என்று முத்துராஜ் கத்தினான்.

"அழிக்கல, எடம் மாத்துறேன்."

டேப்பைக் கிழித்தாள். குங்குமத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சாமிக்கும் குறையில்லை, கண்ணாடிக்கும் குறையில்லை.

பதினொன்று நாலுக்கு மணி அடித்தது. எடுத்தாள். திரை வெளிச்சமாக நின்றது. கீபேடைத் தட்டினாள், பத்து எண்களும் வரிசையாகத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து, "இங்கதாம்மா, இங்க அழுத்து!" என்று ரைட்டர் குனிந்து உள்ளங்கையைப் போனின் தலைமேல் கவிழ்த்தார். திரை பட்டென்று இருண்டது.

"கைய எடுங்கண்ணே!"

அப்படி ஓர் அதட்டலை நான் எந்த ஊர்வலத்திலும் கேட்டதில்லை. கை பறந்தது. வெளிச்சம் வந்தது. ஒன்றை அழுத்தினாள். "நன்றி, உங்கள் தேதி உறுதி செய்யப்பட்டது" என்றது மெஷின். முத்துராஜ் சிரிக்கப் போய் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டான்.

முகம் பக்கத்தில் வந்தால் திரையை அணைப்பதற்குப் போனின் தலையில் ஒரு கண் வைத்திருக்கிறார்களாம். அந்தக் கண்ணைத்தான் பத்து நாளாகச் சந்தனம் பூசி அடைத்து வைத்திருந்தோம். பூசையிலிருந்துதான் இப்படி என்று அந்தப் பெண் வந்த உடனேயே சொன்னாள். கேட்கிற காது அங்கே ஒன்றுகூட இல்லை, என்னுடையதையும் சேர்த்து.

ரைட்டர் தோற்றுப்போனார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் தோற்றதாகச் சரித்திரம் உண்டா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பாத்தீங்களா தலைவரே? அப்டேட்டு ஏறுறதுக்குப் பத்து நிமிசம் ஆகும். அந்தப் புள்ள அவசரப்பட்டுச் சொரண்டிருச்சு. இல்லாட்டியும் சரியாகியிருக்கும்." அன்றைக்கு டீயும் அவருக்குத்தான் போனது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்க்கப் போனோம், ரைட்டரும் வந்தார். முத்துராஜ் கண்ணை மூடிப் படுத்திருந்தான். குளுக்கோஸ் பாட்டிலை இவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "சொட்டு ரொம்ப மெதுவா வில்லங்கமா விழுகுதே" என்று சொட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை நோக்கிக் கையை நீட்டினார். கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து புவனேஸ்வரி ஒரு பார்வைதான் பார்த்தாள். கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. அதை அங்கே வைக்க முடியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ரைட்டர் மாதிரி ஓர் ஆள் உங்கள் தெருவிலும் இருக்கிறார், பெயர்கூட நாக்கு நுனியில் வந்துவிட்டது. சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் திரை இருட்டானது என்று நான் எழுதிய இடத்திலேயே, குங்குமத்தைச் சொல்வதற்கு முன்பே, "அது ஒண்ணுமில்லப்பா, நான் சொல்றேன் கேளு" என்று உங்களுக்குள் ஒருவர் எழுந்து உட்காரவில்லை? உங்கள் வலது கை லேசாக இந்தப் பக்கமாக அசையவில்லை?

அதைத்தான் ஆரம்ப அறிகுறி என்கிறோம்.