மூச்சு விடாத பந்துவீச்சாளன்

எதைப் பற்றிக் கேட்டாலும் "தெரியும்" என்று சொல்லிவிடுவது எனக்கு நெடுநாளாக இருந்த வியாதி. பொய்லர் திருத்தத் தெரியுமா? தெரியும். ஸ்பானிஷ் தெரியுமா? கொஞ்சம் தெரியும். (இரண்டும் தெரியாது. பொய்லர் விஷயத்தில் வீட்டுக்காரர் மூன்று நாள் குளிக்காமல் வேலைக்குப் போனார்.) இந்த வியாதி ஒரே காலைப் பொழுதில் எனக்குச் சுகமானது. எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்து, வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரொறன்ரோவிலிருந்து சுதன் போன் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன். அமெரிக்க பேஸ்போல் அணிகளுக்கு இளம் வீரர்களைத் தேடிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை செய்தான்.

"மச்சான், உனக்கு பேஸ்போல் தெரியுமே?"

"ஓம், தெரியுந்தானே."

(எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதையும் சோபாவில் இருந்து பார்க்கத்தான் தெரியும்.)

லண்டனின் தெற்கே சட்டனில் ஏட்ரியன் என்று ஒரு தமிழ்ப் பெடியன் இருக்கிறான், வயது பத்தொன்பது, நல்லாகப் பந்து எறிகிறான் என்று கேள்வி என்றான் சுதன். ஓர் அணி நான்கு பேரின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவனை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறது. யாராவது நேரில் பார்த்து எழுத வேண்டும்.

"சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கு மைதானத்தில தனியப் பழகுவானாம். ஆறடி, மெலிஞ்சவன், தொப்பி போட்டிருப்பான். நீ அவனோட கதைக்கக் கூடாது. பாக்கினம் எண்டு தெரிஞ்சா பெடியள் நடிக்கத் தொடங்கிடுவாங்கள். உன்ர லண்டன் நேரம் ஒன்பது மணிக்கு முதல் எனக்கு ரிப்போர்ட் வரவேணும்; அணிக்காரர் இரவிரவா இருந்து முடிவெடுக்கினம்."

வேகம் அளக்கும் கருவி ஒன்றையும் தபாலில் அனுப்பிவைத்தான். தலைமுடி காயவைக்கும் கருவி மாதிரி இருந்தது. முதல் நாள் இரவு அதை யன்னலுக்கு வெளியே நீட்டி பஸ்களை அளந்து பழகினேன். கீழே போன ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை மூன்று ட்ரெயினும் ஒரு பஸ்ஸும் மாறிப் போய் இறங்கினால் மைதானத்தையே காணவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். வெளிக் கேற்றைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். உள்ளே புல் இருந்தது, என் சப்பாத்து இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. எங்கிருந்தோ ஒரு மெல்லிய முனகல் மட்டும் விடாமல் கேட்டது. மின்சாரக் கம்பியாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

அந்த முனகலை நோக்கி நடந்தபோது ஒரு வலை முகத்தில் இடித்தது. அடிப்பவன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கட்டும் வலை. அதைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தேன்.

அறுபது அடி தள்ளி ஓர் உருவம் நின்றது. உயரம், மெலிவு, தலையில் தொப்பி, முழங்கால் வரை மழைக்கோட்டு. முகம் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பந்து பிறந்து வந்து என் மூக்குக்கு நேரே வலையில் அறைந்து விழுந்தது. கருவி எண்பத்துநாலு மைல் காட்டியது.

கை சுழன்றதை நான் காணவில்லை. பனிமூட்டம் என்று விட்டுவிட்டேன்.

அரை நிமிடம் கழித்து அடுத்தது. எண்பத்துநாலு. அடுத்தது எண்பத்துநாலு. அடுத்தது எண்பத்தைந்து. நான் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். பந்துகளுக்கு இடையில் அந்த உருவம் அசையவில்லை. கையை உதறவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை, கால் மாற்றி நிற்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெடியன் அரை நிமிடம் அசையாமல் நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. 'அபாரமான மனக்கட்டுப்பாடு' என்று எழுதினேன்.

பிறகு ஒரு நாய் வந்தது. யாருடையதோ, வாலை ஆட்டிக்கொண்டு நேரே அவனிடம் ஓடியது. இரண்டடி முன்னால் நின்றது. தலையைச் சரித்து அவனைப் பார்த்தது. தொண்டைக்குள் மெதுவாக அழுதுகொண்டு பின்பக்கமாகவே நடந்து, திரும்பி ஓடிவிட்டது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஓரடி பின்னால் வைத்தேன். (ஆனாலும் 'எதிராளியை நடுங்கவைக்கும் தோற்றம்' என்று எழுதிக்கொண்டேன்.)

குளிரில் என் வாயிலிருந்து மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். அங்கே அந்தத் தொப்பிக்குக் கீழே எந்தப் புகையும் இல்லை.

பயந்தால் நான் கதைக்கத் தொடங்குவேன். சுதன் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

"குட் மோர்னிங்," என்றேன். முனகல்தான் பதில்.

"தம்பி, குளிருதே?"

பந்து வந்தது. எண்பத்துநாலு.

ஏதாவது சொல்லி அவனை மனிதனாக்கிவிட வேண்டும் போலிருந்தது. "தம்பி, குறை நினையாதையும். முழங்கையைக் கொஞ்சம் உயத்திப் போடும். இன்னும் நல்லா வரும்."

அடுத்த பந்து ஒரு முழம் உயரமாக வந்தது.

அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குப் புளகாங்கிதமாக இருந்ததை மறைப்பதற்கில்லை. அதுவரை என் புத்திமதியை ஒருவரும் கேட்டதில்லை. அங்கேயே நின்றபடி விறைத்த விரல்களால் சுதனுக்கு அனுப்பினேன்: களைப்பதில்லை. கதைப்பதில்லை. மூச்சு வாங்குவதில்லை. சொன்னதை உடனே கேட்கிறான். இப்படி ஒருவனை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

அனுப்பி முடித்த கையோடு, என் பிடரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆரோட, தம்பி, கதைக்கிறியள்?"

நான் வலையில் தொங்கினேன். உண்மையாகவே இரண்டு காலும் நிலத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கையில் தேத்தண்ணிப் போத்தலோடு ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் ஆறடியில், மெலிந்து, வாய் நிறைய ரோல்ஸோடு ஒரு பெடியன். அவன் மூச்சு தாராளமாகப் புகைந்தது.

"நான் ஸ்டெல்லா. இவன் என்ர மகன் ஏட்ரியன். கையில வேகம் அளக்கிற கருவி இருக்கு, நீங்கள்தானே இவனைப் பாக்க வந்த ஆள்? இந்தப் பனிப்புகாருக்குள்ள என்னத்த விளையாடுறது எண்டு காருக்குள்ள வச்சு சாப்பாடு குடுத்தனான்."

"அப்ப அது?" என்று கையை நீட்டினேன்.

"பந்து எறியிற மெசின், அண்ணா," என்றான் ஏட்ரியன். லண்டனில் பிறந்தவன், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் நிறுத்தி எடுத்துச் சொன்னான். "ஒன்பது மணிக்கு மற்ற ஆக்கள் அடிச்சுப் பழக வருவினம். சரியா எறியுதோ எண்டு ஓட விட்டுப் பாத்தனான். நனையும் எண்டு கோட்டும் தொப்பியும் போட்டு விட்டனான். நீங்கள் அதோட கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். டிஸ்டர்ப் பண்ணக் கூடாது எண்டு நிண்டனான்."

"எப்ப இருந்து நிக்கிறீர்?"

"முழங்கையில இருந்து."

உடனே சுதனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"மச்சான், நான் அதை அணிக்கு அனுப்பிப்போட்டன். அவைக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. மற்ற மூண்டு பேரையும் விடுவம் எண்டு சொல்லுகினம்."

"இப்ப என்ன செய்யிறது?"

"நீ வாயைத் திறக்காட்டி பெடியனுக்கு இடம் கிடைக்கும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஸ்டெல்லா அக்கா மகனைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வெட்கம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் என் முட்டாள்தனத்துக்காக இவனைத் தள்ளிவிடுவார்களே என்ற பயம் மறுபக்கம்.

"அங்க போய் நான் மெசின் மாதிரி எறிய ஏலாதே, அண்ணா," என்றான் ஏட்ரியன். "நான் எறியிறதைப் பாத்து எழுதுங்கோ."

மெசினை நிறுத்திக் கோட்டைக் கழற்றினான். உள்ளே மூன்று இரும்புக்கால், இரண்டு சில்லு, ஒரு பற்றரி. முனகல் அடங்கியதும் மைதானம் அப்படியொரு அமைதியானது. அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த இடத்தில் அவன் நின்று எறிந்தான். எழுபத்தொன்பது. எண்பத்தாறு. ஒன்று வலைக்கு மேலால் போய் பற்றைக்குள் விழுந்தது. எண்பத்தெட்டு. ஒவ்வொரு பிழைக்கும் தனக்குள் ஏதோ முணுமுணுத்து, அடுத்ததில் அதைத் திருத்தினான். பேஸ்போல் தெரியாத எனக்கே அது விளங்கியது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டாவது அறிக்கையை 'முதலாவது ஒரு மெசினைப் பற்றியது. எனக்கு பேஸ்போல் தெரியாது.' என்ற இரண்டு வசனங்களோடு தொடங்கினேன். மூன்று கிழமை ஒரு செய்தியும் இல்லை. ஸ்டெல்லா அக்கா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். நான் விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பிறகு சுதன் எடுத்தான். "முதலாவதை ஒபிஸ் முழுக்க வாசிச்சுச் சிரிச்சிருக்கினம். அந்தச் சிரிப்பில ரெண்டாவதையும் கடைசி வரைக்கும் வாசிச்சிருக்கினம். வரச் சொல்லுகினம்." குரலைத் தாழ்த்தி, "உன்னை இனிக் கேக்க வேண்டாமாம்," என்றான்.

ஏட்ரியன் இப்போது அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூரில், தொழில்முறை ஆட்டத்தின் ஆகக் கீழ்ப்படியில் எறிகிறான். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு சட்டனுக்கு வருவான். எனக்கும் அந்த வீட்டில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிரந்தரம். வருகிறவர்களிடம் ஸ்டெல்லா அக்கா என்னை "மெசினுக்குப் புத்தி சொன்ன தம்பி" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

முதல் நத்தாரிலேயே என் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஏட்ரியன் அதைச் சபைக்கு உரக்க வாசித்தான். நாய் வந்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவன் மெசின் எறிந்த பந்துகளை விரலால் எண்ணத் தொடங்கினான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

"அண்ணா, இதில நாப்பத்தொரு பந்து இருக்கு."

"ஓம், எல்லாத்தையும் எழுதினனான்."

"அந்த மெசின் இருபத்துநாலு பந்துதான் பிடிக்கும். நான் திரும்ப நிரப்பேல்ல."

ஒவ்வொரு வருடமும் இந்தக் கதை சிரிப்போடு தொடங்கி, இந்த இடத்துக்கு வந்ததும் மேசை அடங்கிவிடும். யாராவது ஒருவர் புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். பிறகு ஸ்டெல்லா அக்கா கரண்டியை எடுப்பார்.

"சரி, சரி, சோறு ஆறுது. சாப்பிடுங்கோ."