நிரல் நின்றது, சூளை நிற்கவில்லை

என் 2004ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் இரண்டே வரிகள் இருக்கின்றன. "காலை 11.20: பிழை பிடிபட்டது!!!" அதற்குக் கீழே, "11.52: தனலட்சுமி கேஸை மூடினார்." முதல் வரிக்கு மூன்று ஆச்சரியக்குறிகள். இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. இடைப்பட்ட முப்பத்திரண்டு நிமிடங்களில் என் அண்ணனின் சூளை நிறைய இருந்த டீ கோப்பைகளைப் பாழாக்கியது நான்தான் என்பதை இங்கே எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன். (வாய்மூலம் பலமுறை ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டிருக்கிறேன்.)

அண்ணன் செல்வத்துக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பீங்கான் பட்டறை. அதுவரை ஃபியூஸ் கட்டைகள்தான் செய்துகொண்டிருந்தான். அந்த வருடம் கோப்பைகளுக்குத் தாவினான். புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் அடுத்த திங்கட்கிழமை வந்து மாதிரிக் கோப்பைகளைப் பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் தொடர்ந்து ஆர்டர். பிடிக்காவிட்டால் கோப்பை வேலைக்கென்று புதிதாகச் சேர்த்த நான்கு பெண்களையும் அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

நான் அப்போது கணினிப் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கான கடிதம் வரும் என்று தபால்காரரை முறைத்துக்கொண்டிருந்த காலம். சும்மா இருப்பானேன் என்று சூளையைக் கவனித்துக்கொள்ள ஒரு நிரல், அதாவது கணினி புரோகிராம், எழுதிக் கொடுத்தேன். சூளையின் வெப்பமானி அனுப்பும் எண்ணை அது படிக்கும். சூடு குறைந்தால் கேஸ் வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். வீட்டிலிருந்த விண்டோஸ் கணினியில் அது சமர்த்தாக ஓடியது. பட்டறையில் இருந்ததோ ஒரு பழைய கணினி. பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தோம். அங்கே மட்டும் நிரலுக்கு அவ்வப்போது புத்தி பேதலித்தது. காரணமே இல்லாமல் கேஸைத் திறக்கும், சில விநாடிகளில் தானே மூடிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட பிழைகளைக் கண்டுபிடிக்கத்தான் டீபக்கர் என்று ஒன்று உண்டு. குழந்தைகள் 'ஸ்டேச்சூ' விளையாடுவார்களே, அதே வேலைதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நாம் சொன்ன இடத்தில் அப்படியே உறையவைத்து, அதன் சட்டைப்பையில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க விடும். நல்ல டீபக்கர்கள் இலவசமாகவே கிடைத்தன. ஆனால் தலையணை கனத்துக்கு நான்கு புத்தகங்கள் படித்திருந்த எனக்கு, அடுத்தவர் எழுதியதைப் பயன்படுத்துவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் டீபக்கரை நானே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மூன்று மாதம் எழுதினேன். சோதனைக்குச் சூளை இல்லாததால், வீட்டில் ஒரு மேசை விளக்கைச் சூளையாக நியமித்தேன். நிரலை உறையவைத்தால், எரிந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். விளக்கு எரிந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? இருந்தாலும் முன்ஜாக்கிரதைக்காரி ஆயிற்றே, பத்து விநாடி யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் நிரல் தானாக விடுபட்டு ஓடும்படி எழுதினேன். அது விண்டோஸ் பகுதியில். லினக்ஸுக்கு அதே இடத்தைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. அங்கே "இதைப் பிறகு எழுத வேண்டும்" என்று குறித்து, பழக்க தோஷத்தில் கீழே தேதியும் போட்டு வைத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை சூளையில் இருந்தவை மாதிரிக் கோப்பைகள். வெறும் சூளையில் பிழை வருவதில்லை என்பதால், இதிலேயே பிடித்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் அடம்பிடித்து டீபக்கரோடு உட்கார்ந்தேன். வெப்பம் திடீரென்று குறைந்ததாக நினைத்து நிரல் கேஸைத் திறந்தால் அந்தக் கணமே அதை உறையவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 11.20க்கு உறைந்தது. சட்டைப்பையில் 118 இருந்தது! வெப்பமானி 1180 என்று அனுப்பியதை, கடைசி இலக்கம் வந்து சேர்வதற்குள் நிரல் அவசரப்பட்டுப் படித்திருக்கிறது. சூளை ஆறிப்போய்விட்டது என்று பயந்து கேஸை முழுதாகத் திறந்துவிட்டது. திறந்த நிலையில்தான் நான் அதை உறையவைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் தனலட்சுமி எட்டிப் பார்த்தார். "பாப்பா, கேஸு முழுசா தெறந்துக்கிச்சு. சத்தம் கேக்குதா?"

"கேக்குதுக்கா. தொட்டுடாதீங்க. புடிச்சிட்டேன்."

"என்னாத்த புடிச்ச?"

"இதோ, இந்தத் தப்ப." திரையில் 118ஐக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். அது 1205 காட்டியது. "ரெண்டுல எது பொய்யி?"

"இதுதான் பொய்."

"பொய்யப் புடிச்சி வச்சிக்கிட்டு நெசத்த வுட்டுட்டியே! நான் மூடுறேன்."

"ஐயோ வேணாம்! சூடு எறங்கிட்டா எல்லாம் மாறிடும். மூணு மாசமா இதுக்குத்தான் காத்துக்கெடக்கிறேன்."

(கொலை நடந்த அறையில் எதையும் தொடாதே என்று துப்பறியும் கதைகளில் வருமே, அந்தத் தொனியில் சொன்னேன். கொலை இன்னும் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம்.)

தனலட்சுமி அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, தங்கச்சி என்னமோ புடிச்சி வச்சிருக்குது. வால்வ மூடக் கூடாதாம்."

அண்ணன் வால்வைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இருக்கட்டும் தனம். படிச்ச புள்ள, தெரியாமயா சொல்லும்?"

என் படிப்பின் மேல் யாரும் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. பிறகும் வைக்கவில்லை. அந்த உற்சாகத்தில், களிமண் மூட்டையின் காகிதத்தைக் கிழித்து, இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும் விதத்தை அவனுக்குப் படம் போட்டு விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது படம் போடும்போது, சூளையின் பார்வைத் துளையில் கண் வைத்திருந்த தனலட்சுமி கத்தினார்.

"அண்ணே! மொத வரிசை சாஞ்சிக்கிச்சு!"

பதறிப்போய் டீபக்கரை மூடினேன். வீட்டில் என்றால் டீபக்கரை மூடியதும் நிரலும் சேர்ந்து மூடிக்கொள்ளும், விளக்கு அணையும். லினக்ஸில் டீபக்கர் மட்டும் கிளம்பிப் போய்விட்டது. நிரல் ஸ்டேச்சூவாகவே நின்றது. 'ரிலீஸ்' சொல்ல வேண்டியவர் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போன மாதிரி. நான் கையில் கிடைத்த விசைகளையெல்லாம் தட்டினேன். தனலட்சுமி என்னைத் தாண்டிப் போய், கேஸ் குழாயின் திருகை ஒரே திருகாகத் திருகினார். மணி 11.52.

மறுநாள் சூளையைத் திறந்தோம். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் இளகிப்போன கோப்பைகள் கல்யாணப் பந்தியில் தூங்கி வழியும் தாத்தாக்களைப் போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. நான்கு பெண்களும் அவற்றைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் திட்டியே இருக்கலாம். சாப்பாட்டுக் கூடையோடு வந்த அண்ணிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏன் கலை, நிறுத்துன, சரி. அணைச்சியா?"

சுடாத கோப்பைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. வெள்ளிக்கிழமை அவற்றை ஏற்றி, கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தனலட்சுமி கையாலேயே வால்வைத் திருகிச் சுட்டார். நான் அன்று வீட்டில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டேன்.

திங்கட்கிழமை விடுதிக்காரர் வந்தார். நானும் போய் ஓர் ஓரமாக நின்றேன். கோப்பையைச் சுண்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையாட்டினார். அண்ணன் மூச்சு விட்டான். அப்போது மூலையில் கிடந்த சாய்ந்த கோப்பைகள் அவர் கண்ணில் பட்டன.

"இது என்னா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திறந்தார். "அது எங்க நாத்தனாரு கம்ப்யூட்டர்ல செஞ்சது, சார்."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பத்து நாள் கழித்து ஆர்டர் கடிதம் வந்தது. நான்கு பெண்களும் வேலையில் நிலைத்தார்கள். கடிதத்தின் கடைசி வரியை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்: "எங்கள் சரக்கைச் சுடும்போது கணினி பயன்படுத்தக் கூடாது."

நிரலைத் திருத்த இரண்டு வரிதான் தேவைப்பட்டது. ஆனால் அதன் பிறகு பட்டறைக் கணினிக்கு வெப்பத்தைக் குறித்து வைக்கும் உத்தியோகம் மட்டுமே. வால்வைத் தொடும் உரிமை போய்விட்டது. பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது; மற்றவர்களின் நிரல்களை உறையவைத்துச் சம்பாதிக்கிறேன். ஊருக்குப் போனால், நான் அடுப்படியிலிருந்து வந்தாலும் சரி, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாலும் சரி, அண்ணன் பிள்ளைகள் வரை கோரஸாகக் கேட்பது ஒன்றுதான்: "அத்தை, நிறுத்துனீங்களா, அணைச்சீங்களா?"

ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். விடுதிக்காரர் அன்று கிளம்பும்போது சாய்ந்த கோப்பைகளில் மூன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார். அதை நானே பார்த்தேன். அவை இப்போது அவருடைய விடுதி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாகவும், வெளிநாட்டுக்காரர்கள் சிற்பம் என்று நினைத்துப் படம் எடுப்பதாகவும் அண்ணி சொல்கிறார். அண்ணியும் நேரில் பார்த்ததில்லை; யாரோ சொன்னார்களாம். இரண்டு முறை அந்த விடுதி வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன். ஆகவே இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.