என் தங்கையை அம்மா என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் தன் வயதைக் குறைத்துச் சொல்வது பொய்யில் சேராது என்று நான் நீண்ட காலம் நம்பியிருந்தேன். அளவோடு குறைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எட்டு வருடம் குறைத்திருந்தேன். கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலமில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை அலுவலகத்தில் என் நிஜ வயது இரண்டே பேருக்குத்தான் தெரியும்: சம்பளப் பிரிவில் இருந்த பெண்ணுக்கும் எனக்கும். (வீட்டில் என் கணவருக்கும் தெரியும். அவர் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?)

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வயதாவதைக் கண்ணாடிக்கு முன்பே கடைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரர் என்னை முதலில் தங்கச்சி என்றார். பிறகு பல வருடம் அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், "ஆன்டிக்கு எத்தனை முழம்?" என்று கேட்டார். அவருக்கே ஐம்பது இருக்கும். பூ வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் யுத்தம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை தலைக்குச் சாயம். முகத்தில் வெயில் படக் கூடாது என்று காரில் ஒரு குடை, ஒரு ஸ்கார்ஃப், முழங்கை வரை கையுறை. முனைக்கடையில் முட்டை வாங்கக்கூட காரில்தான் போவேன். உடம்பு போடக் கூடாது என்று காலையில் பால் சேர்க்காத வெறும் கோப்பி ஓ, மத்தியானம் நான்கு பிஸ்கட். பால், நெத்திலி, முட்டையின் மஞ்சள் கரு எல்லாம் வீட்டு ஆண்களுக்கு. ராத்திரி முகத்துக்கு ஏழு டப்பா கிரீம். ஒவ்வொன்றும் காய்வதற்குள் கைப்பேசியில் ஒரு நாடகம் பார்த்துவிடலாம். படுக்க ஒரு மணியாகும். தூக்கம் கெட்டுக் கண்ணுக்குக் கீழே கருப்பு விழும். அதற்கு எட்டாவது டப்பா.

என் தங்கை செல்வி இதற்கெல்லாம் நேர் எதிர். சாலாக் செலாத்தானில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடி. பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. விடிவதற்குள் எழுந்து பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்கு, நடந்தே போய், இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறுவாள். சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஒன்பது மணிக்குக் குறட்டை கேட்கும். முடி நாற்பது வயதிலேயே முழுதாக நரைத்துவிட்டது, அது அப்பா வழி. சாயம் போடச் சொன்னால், "யாருக்குக் காட்டப் போறேன்?" என்பாள். வெயில் பட்டுப் பட்டு முகம் கறுத்து, கண்ணோரத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் அவர்களை நம்ப வைக்க முயன்றதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா இறந்தபோது எனக்குப் பதினேழு வயது, செல்விக்குப் பதினைந்து. எனக்குப் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவச் சோதனை இருந்ததால் சமையலறையை அவள் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் படிவத்தோடு அவள் படிப்பு நின்றது. நான் சோதனைக்குப் போன ஒவ்வொரு நாளும் டப்பாவில் சோறு கட்டித் தந்தவள் அவள்தான். அந்தச் சோற்றைத் தின்று படித்துத்தான் நான் ஷா ஆலம் அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஐம்பத்து நாலு நடந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு இலவச எலும்புப் பரிசோதனை என்று செல்வி கேள்விப்பட்டாள். "அக்கா, முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு சொல்றியே, வா போவோம்" என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். நான் புதிதாக வாங்கிய ரோஸ் நிற சுடிதாரில் இருந்தேன். அவள் பழைய பருத்திப் புடவை கட்டி, கேன்டீனுக்குப் போடும் ரப்பர் செருப்போடு வந்தாள்.

மண்டப வாசலில் தொண்டர் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரென்று பார்த்தால் எங்கள் அலுவலகத்து வாசுகி. முப்பத்தெட்டு வயது, நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். என்னை அவள் நாற்பத்தாறு என்று நம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வியின் வெள்ளைத் தலையைப் பார்த்தாள்.

"அக்கா, அம்மாவா?"

தங்கை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நொடியில் என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. இந்த நரைத்த பெண் எனக்குத் தங்கை என்றால் எனக்கு என்ன வயது? திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க அந்தக் கேள்வி சுற்றும்.

"ஆமா" என்றேன்.

செல்வி குனிந்தபடியே இருந்தாள். செருப்பு கழன்று ரொம்ப நேரமாகியிருந்தது. காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். (அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.) அவள் நிமிர்ந்து வாசுகியைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இருக்கியாம்மா?" என்றாள். குரலில் ஒரு பத்து வயதைச் சேர்த்துப் பேசியதுபோல் எனக்குப் பட்டது.

அதற்கு மேல் எதுவும் என் கையில் இல்லை. வாசுகி பாசத்தைக் கொட்ட ஆரம்பித்துவிட்டாள். "அம்மா"வைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள். நாலு மாடி ஏறுகிறவளை இரண்டு படி ஏற்றுவதற்கு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பால் சேர்க்காத தேநீர், தே ஓ, வந்தது, சீனியும் இல்லாமல். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வந்தது, பாதியாகப் பிட்டு, மெல்வதற்குச் சிரமமாக இருக்குமே என்று. செல்வி எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு வாசுகி என்னிடம் வந்து ஒரு நல்ல செய்தி என்றாள். அன்றைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தால் சிறப்புப் பிரிவாம். தாயின் எலும்பு எப்படியோ மகளுடையதும் பெரும்பாலும் அப்படித்தான் என்று மேடையில் வைத்தே விளக்குவார்களாம். எங்கள் இருவரையும் சேர்த்துப் பதிந்துவிட்டாளாம். என் கைப்பை செல்வியின் மடியில் இருந்தது. அடையாள அட்டைகளை, இரண்டு ஐசியையும், அவள் எடுத்துக் கொடுக்க, வாசுகி எண்ணைப் பார்க்காமலே மேடைக்கு அனுப்பிவிட்டாளாம்.

நம் நாட்டு ஐசியில் முதல் ஆறு எண் பிறந்த தேதி என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேடையில் மாணிக்கம் அங்கிள் என்று ஒருவர் மைக்கோடு நின்றிருந்தார். மைக் கிடைத்தால் விடாத வகை. ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டு, ஐசியைக் கண்ணருகே பிடித்து, "அம்மா, வயசு எழுபத்தொண்ணு. மகள், வயசு நாப்பத்தஞ்சு. கைதட்டுங்க" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு முன்னால் மூன்று ஜோடி. செல்வியின் பக்கத்தில் போய், தலை சுற்றுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று கிசுகிசுத்தேன். அவள் கறிபாப்பை மென்றுகொண்டே, "இருலா. எலும்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவோம்" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எங்கள் முறை வந்தது. இருவரும் மேடை ஏறினோம். வாசுகி கீழே நின்று கைப்பேசியில் படம் பிடித்தாள்.

"தமிழ்ச்செல்வி, அம்மா" என்றார் மாணிக்கம் அங்கிள். "வயசு ஐம்பத்திரண்டு. அடடே, சின்ன வயசு அம்மா. புஷ்பவல்லி, மகள், வயசு ஐம்பத்தி..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு ஐசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதையெல்லாம் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே செய்தார். அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஒரு நிமிஷம். மகள் பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா பொறந்திருக்காங்களே."

இருநூறு பெண்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வாசுகியின் கைப்பேசி மெதுவாகக் கீழே இறங்கியது. ஏழு டப்பா கிரீமுக்கு அடியில் என் முகம் எரிந்தது. மேடையில் ஒரு குழி வெட்டி யாராவது என்னைத் தள்ளியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்போது செல்வி மைக் பக்கம் போனாள்.

"என் தப்புதான் அண்ணே. எனக்குக் கண்ணு சரியா தெரியல, ஃபாரத்துல தப்பா எழுதிட்டேன். இவங்க எங்க அக்கா."

அந்தப் படிவத்தை எழுதியது வாசுகி. எழுத வைத்தது நான். இருநூறு பேருக்கு முன்னால் கண் தெரியாதவளாக நின்றது செல்வி. அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இவ்வளவு வெட்கமாக இருக்காது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அவளுக்குக் கண் தெரியாது என்பதுபோல் ஆட்டினேன்.

ஜோடி என்று வந்துவிட்டதால் பரிசோதனையை அங்கேயே செய்தார்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தையும் முடித்துவிட்டு, "போதுமா?" என்றாள். என் முட்டி இரண்டாவது முறையிலேயே சத்தம் போட்டது. நாலாவது முறை எழ முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து ஒரு சின்ன இயந்திரத்தில் குதிகாலை வைக்கச் சொன்னார்கள். அவளுக்கு வந்த எண்ணைப் பார்த்துத் தாதி திருப்தியாகத் தலையசைத்தார். எனக்கு வந்ததைப் பார்த்து நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், காலையில் என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு நடக்கிறேன், வெயில் படுகிறதா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. இளமையாக இருக்க நான் பாடுபட்டுச் செய்ததையெல்லாம் அவர் வேறு ஒரு தாளில் குற்றப் பத்திரிகை மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். மேலுக்குச் சாயம் அடித்துக்கொண்டே உள்ளே கரையான் வைத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. (செல்வியையும் விடவில்லை. வெயிலுக்குத் தொப்பி போடச் சொன்னார், கருவாட்டைக் குறைக்கச் சொன்னார். "அத மட்டும் கேக்காதீங்க மிஸ்ஸி" என்றாள்.)

திரும்பும்போது காரில் நான் ஏதேதோ பேசினேன். சாலை நெரிசல், மண்டபத்துச் சூடு. செல்வி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தியபோதுதான் பேசினாள்.

"அம்மான்னு சொல்லப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல புடவையா கட்டிட்டு வந்திருப்பேன்லக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இறங்கிப் போய்விட்டாள். நாலு மாடியிலும் அவள் தலை ஒவ்வொரு படிக்கட்டு ஜன்னலாகத் தெரிந்து மறைந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள் என்று அன்றைக்கே மேலே ஏறிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முட்டி வலி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி வந்தது. "மகளே, கோப்பி மட்டும் குடிக்காத. ஏதாச்சும் சாப்டு." அதை என் கணவர் கேட்டுவிட்டு, முழுக் கதையையும் என்னிடமிருந்து கறந்துவிட்டார். அவ்வளவுதான், குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து என் கணவர் செல்வியை மாமியார் என்றுதான் கூப்பிடுகிறார். அன்னையர் தினத்தன்று என் பிள்ளைகள் எனக்கு வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "உங்க அம்மாவுக்குப் போன் போட்டீங்களா?" என்று கேட்பார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எங்கள் ஐசியைக் கேட்பார்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்ச நாள் நடந்தேன், மழை பெய்தது, விட்டுவிட்டேன். தூக்கம் மட்டும் கொஞ்சம் சரியானது. வேலை ஓய்வுக்குப் பிறகுதான் சாயத்தை நிறுத்தினேன், முட்டை சாப்பிட்டேன், தினமும் நடக்க ஆரம்பித்தேன். அதற்குள் ரொம்பத் தாமதமாகியிருந்தது. போன வருடம் வீட்டு வாசலில் ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றினேன். சாதாரணமாக விழுந்ததுதான். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தேன். தலை முழுக்க வெள்ளை, கண்ணுக்குக் கீழே பை, கையில் மாவுக்கட்டு. செல்வி இரண்டு ரயில் மாறிக் கஞ்சி கொண்டுவந்தாள். மலாய்க்காரத் தாதி ஒருவர் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, படுத்திருப்பது உங்கள் அம்மாவா என்று மலாயில் அவளிடம் கேட்டார்.

பழி தீர்க்க இதைவிட நல்ல சமயம் அவளுக்குக் கிடைக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கணக்கு நேராகிவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல. என் மக" என்றாள் செல்வி, மலாயில், முகம் மாறாமல்.

தாதி என் வெள்ளைத் தலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தனை வருடமாக என் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் சொன்னேன். "செல்வி, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் கஞ்சியை ஊதிக் கரண்டியில் எடுத்தாள்.

"அதுக்கென்ன. வாயத் தொற."

திறந்தேன். கஞ்சியில் நெத்திலி போட்டிருந்தாள்.