கீழக்கரைக்குப் பூனை வராது

திண்டிவனம்,
மார்கழி 3, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய கிருஷ்ணவேணி அண்ணிக்கு, தங்கள் தம்பி மனைவி சித்ரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் பூனையும் நலம். அங்கே தாங்களும் அத்தையும் நலமாயிருக்க மயிலம் முருகன் துணை நிற்கட்டும். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? போன ஞாயிறு அத்தையைப் பார்க்க உங்கள் தம்பி விழுப்புரம் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பத்திரமாக வந்தது. ஜாடியில் உங்கள் கையால் எழுதி ஒட்டியிருந்தபடியே வெயிலில் வைத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். வாட்ஸ்அப் என்றால் கடைக்கு பைப் கேட்டு வருகிற மெசேஜெல்லாம் என் போனில்தான். நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்ப்பார். இது அவர் பார்க்கக்கூடாதது.

அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. 27ஆம் தேதி கீழக்கரை போக எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய ஒரு காரணம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், அக்கா சொன்னால் கேட்பார். பனிக்காலம் வந்தாலே அவருக்கு மூச்சு இழுப்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் இந்த வருஷம் மாத்திரையோடு நிறுத்தாமல், "பனி படாத, கொஞ்சம் சூடான ஊராப் பாத்து, தூசி சத்தம் இல்லாம பத்து நாள் இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலை, டிகிரி படித்தவள் என்று என் தலையில் விழுந்தது. கன்னியாகுமரி என்றேன், ஐயப்ப சாமிகள் கூட்டம். ராமேஸ்வரம் என்றேன், அங்கேயும் கூட்டம். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு ஊராக அடித்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் கடைக்கு வாடிக்கையாக வரும் கோட்டக்குப்பம் ஷபியுல்லா பாய் வந்தார். "கீழக்கரையில என் மச்சான் வூடு சும்மாதாம்மா பூட்டிக் கெடக்குது. அவங்க குடும்பத்தோட துபாய்ல கீறாங்க. பனியும் கெடையாது, பேஜாரும் கெடையாது. ஒரு ஈ காக்கா சத்தம் கேக்காது" என்றார். "ஏன் பாய் கேக்காது?" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை அண்ணி. காக்கா சத்தமே கேட்காத ஊரில் காக்காவுக்கு என்ன ஆச்சு?

புயல் வரும் என்று பயந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டில் பாம்பு இருக்கும் என்று பயந்தேன். இங்கே கேஸை மூடாமல் போய்விடுவேன் என்று இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன். ஆனால் உண்மையான பயம் இதெல்லாம் இல்லை. அவரோடு பத்து நாள் என்ன பேசுவது?

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாச்சு. நாங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கினதே கெடையாது. "உங்க புள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுங்க அத்தை" என்பேன். "போதும்னு சொல்லும்மா" என்பார். ரெண்டடி தூரத்துலதான் உக்காந்துக்கினு இருப்பார். அப்புறம் பானுப்ரியா பேச ஆரம்பிச்சா, அத்தைக்கு ஓய்வு. "அப்பா எப்ப வருவாராம் கேளுடி", "அம்மாவ சட்டை எடுக்கச் சொல்லு பானு." ஆவணியில் அவளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிவிட்டோம். அத்தை உங்களிடம் வந்துவிட்டார். இப்போது பூனைதான். "மாடியில துணி எடுத்தாச்சான்னு கேளு" என்று பூனையைப் பார்த்துச் சொல்கிறார். "எடுத்தாச்சு, கட்டில் மேல கீது" என்று நானும் பூனையிடம் சொல்கிறேன். பேச்சு முடிகிற வரை அதுவும் பாவம் நடுவில் உட்கார்ந்திருக்கும். கீழக்கரைக்குப் பூனை வராது.

ஒத்திகை பார்க்கலாம் என்று போன வாரம் குயிலாப்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு அவரைப் பகலில் கூட்டிப்போனேன். ரூம் பார்ப்பதாகச் சொல்லி, பத்து மணியிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று போர்டு. காப்பதற்கு எங்களுக்குச் சொல்லவா வேண்டும். பதினோரு மணிக்கு "காத்து நல்லா வருது" என்றார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான், பன்னிரண்டரை வரைக்கும். பன்னிரண்டரைக்கு அவர் அப்படியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "பானு, அம்மாவ சாப்பாடு எடுக்கச் சொல்லு" என்றார். பானு எங்கே இருக்கிறாள்? சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. முகம் சுண்டிப்போச்சு. நானாவது "இதோங்க" என்று அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பயத்தில் சாப்பாட்டுப் பையைப் பார்த்து, "எடுக்கறேன்னு சொல்லு" என்றேன். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு சீட். அதில் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ரத்து செய்ய முடியாது, அவன் உடம்பு முக்கியம் என்பீர்கள். நியாயம். அப்படியானால் நீங்களும் கூட வாருங்கள், நடுவில் உட்கார ஆள் வேண்டும். அதுவும் முடியாவிட்டால், நீங்கள் அவரோடு இருபது வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவர், அவரிடம் என்ன பேசினால் பதில் வரும் என்று ஒரு ஐந்து விஷயமாவது எழுதி அனுப்புங்கள். நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும். 27ஆம் தேதி கொஞ்சம் கூடுதலாக.

பணிவுடன்,
சித்ரா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் அவர் சட்டையை ஊறப்போடப் பையைத் துழாவினேன். நாலாக மடித்த ஒரு தாள். 'சித்ராவிடம் பேச' என்று தலைப்பு. எங்கள் ஊர் காணையில் கரும்பு வண்டிக்குப் பின்னால் நான் சைக்கிள் பழகியது, காலேஜ் நாடகத்தில் மீசை வைத்து ராஜாவாக நடித்தது, மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் நான் பிடிக்கும் உருண்டை, பானு பிறந்த அன்றைய மழை, இப்படி நாலு. ஐந்தாவது, 'ஒன்றும் தோன்றாவிட்டால், பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடு.' அதற்குக் கீழே அவர் கடைப் பேனாவால் இரண்டு கோடு. தாளில் இருப்பது ஊறுகாய் ஜாடியில் இருக்கும் அதே கையெழுத்து அண்ணி. ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே வந்தது அத்தையின் முழங்காலைப் பார்க்க இல்லை போலிருக்கிறது. தாளை இருந்த மாதிரியே மடித்து, அவர் நாளைக்குப் போடும் துவைத்த சட்டைப் பையில் வைத்துவிட்டேன். டிக்கெட் இருக்கட்டும். நீங்கள் வர வேண்டாம். பூனையை மட்டும் வந்து எடுத்துப்போங்கள். எனக்கு எழுதும்போது வேறு நாலு விஷயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் முதல் நாளே தீர்ந்துபோகும். ஐந்தாவது மட்டும் அதுவே இருக்கட்டும்.