கசினோவில் நடந்த செத்தவீடு

தங்கள் பாட்டால் சபையையே அழவைத்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பாடகிகளைப் பார்த்திருக்கிறேன். நானும் அழவைத்திருக்கிறேன், ஒரு கசினோ முழுவதையும். வித்தியாசம் என்னவென்றால், அதற்கு நான் பாட வேண்டியிருக்கவில்லை. மேடையை விட்டு இறங்கியதே போதுமாக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளில் ரமணன் அண்ணையின் இசைக்குழுவில் பாடுவேன். ரமணன் அண்ணை கீபோர்ட் வாசிப்பவர். கலியாணம், பெண் பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் எதையும் விடமாட்டார். செத்தவீடு என்றால் அதே கீபோர்டைக் கொண்டுபோய்த் தேவாரத்துக்குச் சுருதி கொடுப்பார். (இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கோட்டுத்தான்.) நாங்கள் பாடும்போது சனம் எப்போதும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். ஒருமுறை மண்டபத்துக் கிளீனர் மட்டும் என் பாட்டுக்குத் தலையாட்டினார். இறங்கிப் போய் நன்றி சொன்னபோதுதான் அவர் காதில் மாட்டியிருந்த இயர்போனில் வேறு பாட்டு ஓடியது தெரிந்தது.

இந்த வாழ்விலிருந்து எனக்கு விடுதலை தர ஒரு கசினோ முன்வந்தது. தேம்ஸ் ஆற்றுக்குக் கிட்ட, மேலே ஹோட்டலும் கீழே சூதாட்டமுமாக இருந்த ஒரு பெரிய கட்டடம். எல்லாமே சங்கீத மயம். கதவுக் கைபிடி கிற்றார் வடிவம், கம்பளத்தில் பியானோக் கட்டைகள், வாசலில் ஆளுயர ட்ரம்பெட். தண்ணீர் கேட்டால்கூட ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிற்றாரைக் கலக்கியாகப் போட்டுத் தருவார்கள். தண்ணீரில் எதைக் கலக்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே ஞாயிறு மாலைகளில் ஆசிய இசை நிகழ்ச்சி தொடங்கப் போவதாகவும், நிரந்தரமாக ஒரு பாடகி தேவை என்றும் ரமணன் அண்ணை கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஒரு ஞாயிறு மேடையேறிப் பாடிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை.

நான் அன்றே மனத்துக்குள் மருந்துக்கடையில் இருந்து விலகிவிட்டேன். தர்சினி என்ற பெயர் இந்த உயரத்துக்குக் காணாது என்று முடிவுசெய்து டாஷா என்று மாற்றிக்கொண்டேன். வெம்பிளிக்குப் போய், உடம்பு முழுக்கச் சரிகை மின்னும் வெள்ளிநிறச் சட்டை ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு குனிய ஏலாது, இருக்க ஏலாது. மூச்சு விடுவதும் அளவாகத்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று, கேள்வியே கேட்காத பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்லிப் பழகினேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெரியப்பா செத்துப்போனார்.

அப்பாவுக்கு மூத்த தமையன். காலையில் தேத்தண்ணி ஊற்ற எழும்பியவர் குசினியிலேயே விழுந்துவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. பெரியம்மாவும் அவரும் மட்டும்தான். அவர்கள் எவர் வீட்டுக்கும் அதிகம் போகாதவர்கள். ஞாயிறு பின்னேரம் மட்டும் தவறாமல் வெளிக்கிட்டுப் போவார்கள். கேட்டால் பெரியப்பா "ஞாயிறு பூசை" என்பார். என்ன பக்தி என்று அம்மா எங்களுக்கு அவர்களை உதாரணம் காட்டுவார்.

தகனத்தன்று பெரியம்மா அழவில்லை. நாங்கள் கதவடியில் கட்டிப்பிடித்து அழுதோம். அவர் ஒரு கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஐயர் அவசரமாக ஓதினார். எங்களுக்குத் தந்த நேரம் முடிகிறது என்று ஒரு வெள்ளைக்காரர் மெல்லச் செருமினார். அடுத்த பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. வெளியே வந்ததும் சனம் பேசத் தொடங்கியது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணி இல்லையாம். கல்நெஞ்சமாம். எனக்கும் அது ஒரு மாதிரித்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

துடக்குக்கு, அதாவது சாவுத் தீட்டுக்கு, சட்டம் போட்டவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மச்சமாமிசம் இல்லை என்று குடும்ப வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பினார். என் ஞாயிறு அந்த முப்பத்தொன்றுக்குள் விழுந்தது. ரமணன் அண்ணையிடம் நாளை மாற்ற ஏலுமா என்று கேட்டேன். வேறு பாடகிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. துடக்கில் நம் ஆட்கள் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். ஆகவே லண்டனில் நான் பயமில்லாமல் பாடக்கூடிய ஒரே ஞாயிறு துடக்கு ஞாயிறுதான். அம்மாவிடம் மேலதிக ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, வெள்ளிச் சட்டைக்கு மேல் மருந்துக்கடை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

இதில் நான் யோசிக்க மறந்தது ஒன்று. எங்கள் சனத்தின் சனி ஞாயிறு என்பது கோயில், கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம். இவை எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடைசெய்தால் ஒரு குடும்பம் எங்கே போகும்? கசினோவுக்குப் போகக்கூடாது என்று எந்த ஐயரும் எழுதி வைக்கவில்லை.

குளிர்காலத்தில் லண்டன் நாலு மணிக்கே இருட்டிவிடும். அதனால் இராக்களியாட்டம் பின்னேரத் தேத்தண்ணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. திரை விலகியது, வெளிச்சம் முகத்தில் அடித்தது, நான் முதல் பாட்டைத் தொடங்கினேன். கண் வெளிச்சத்துக்குப் பழகியபோது முன்மேசையில் சித்தப்பா இருந்தார். கையில் பொரித்த கோழிச்செட்டை. பக்கத்தில் சித்தி. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கோழிச்செட்டையை மெதுவாக மேசைக்குக் கீழே இறக்கினார். நான் அடுத்த வரியை மறந்தேன். அந்த நொடியில் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

மேடை உயரம் ஒரு கெட்ட உயரம். கீழே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது, மேலே நிற்பவளுக்கு எல்லாரும் தெரிவார்கள். சக்கரம் சுழலும் சூதாட்ட மேசையடியில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பிமார். பாருக்குப் பக்கத்தில் அவர்களின் மனைவிமார். மச்சாள் ஒருத்தி தூணுக்குப் பின்னால். பங்காளிகளில் பாதிப்பேர் அந்த மண்டபத்தில், தாங்கள் மட்டுமே கெட்டித்தனமாக வந்ததாக நினைத்துக்கொண்டு உலாவினார்கள். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். அங்கே, சுவரோரம், கிற்றார்ப் படம் மின்னும் ஒரு சூதாட்ட மெஷினுக்கு முன்னால், குளிர்கோட்டைக் கழற்றாமல் பெரியம்மா இருந்தார்.

நான் பாடிக்கொண்டுதான் இருந்தேன். என்ன பாடினேன் என்று கேட்காதீர்கள்.

வேலையைத் தீர்மானிக்க வேண்டிய மனேஜர் ஒரு நல்ல மனுஷி, உயரமான அயர்லாந்துக்காரி. கையில் மைக்கோடு மேசை மேசையாக நடந்து வாடிக்கையாளர்களோடு கதைப்பது அவருடைய வழக்கம். என் முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டியபடியே நேரே சுவரோரம் போனார். தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. இந்தச் சீமாட்டியும் கணவரும் எங்களுடைய மிக விசுவாசமான ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் என்று சபைக்குச் சொன்னார். ஞாயிறு பூசை எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பெரியம்மாவின் தோளில் கைவைத்து, இன்றைக்கு உங்கள் ஜென்டில்மேன் எங்கே என்று கேட்டு, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

பெரியம்மா மைக்கைப் பார்த்தார். "ஹீ... நோ மோர்" என்றார்.

ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. மெஷின்கள் மட்டும் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. நான் மேடையில் இருந்து குதித்தேன். (குனிய ஏலாத சட்டை, முதுகுப்பக்கம் கீழ்வரை கிழிந்தது.) ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கைகளுக்கு அது தானாக வரும்.

"தர்சி" என்றார் பெரியம்மா. டாஷா அத்தோடு முடிந்தாள். பிறகு தகனத்தில் வராதது எல்லாம் வந்தது.

"என்ரை ஐயோ, ஞாயிற்றுக்கிழமை எண்டால் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவியளே. இந்தக் கதிரையிலை இருத்திப்போட்டுத் தேத்தண்ணி வாங்கித் தருவியளே. என்னை இந்த மெஷினோடை விட்டிட்டுப் போட்டியளே. இனி எனக்கு ஆர் தேத்தண்ணி வாங்கித் தருவினம்?"

மைக் இன்னும் மனேஜரின் கையில்தான் இருந்தது. அவர் அதை விலக்கவும் தெரியாமல் நின்றார்.

அந்த அழுகையைக் கேட்ட எங்கள் பெண் எவளும் ஒளிந்திருக்க மாட்டாள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து மச்சாள் வந்தாள். பாரடியில் இருந்தவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வட்டமாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து, செத்தவீட்டு வாசலில் நிற்பதுபோலக் கைகட்டி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் நீ ஏன் இங்கே என்று கேட்கவில்லை. யாருடைய முழங்கையோ மெஷினில் பட்டது. அது பல்லெல்லாம் காட்டி மின்னி, வெற்றி வெற்றியென்று கிற்றார் வாசித்தது. அதை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேடையில் தனியே விடப்பட்ட ரமணன் அண்ணை என்ன செய்வார், பாவம். அழுகைச் சத்தம் கேட்டதும் அவருடைய விரல் பழக்கத்தில் தேவாரத்துக்குச் சுருதி பிடித்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். கலியாணத்துக்கு முந்தைய கூத்துக்காக வந்திருந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை கழுத்தில் தொங்கிய காற்றடைத்த கிற்றாரைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தான். அவன் தன் அப்பாவை நினைத்து அழுததாகப் பிறகு சித்தியிடம் சொல்லியிருக்கிறான்.

காவலுக்கு நின்ற தடித்த ஆட்கள் ஓடிவந்தார்கள். மனேஜர் அவர்களைக் கையமர்த்தினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது, ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு பிளாஸ்டிக் கிற்றாரோடு. செத்தவீட்டில் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார்தான் தேத்தண்ணி கொடுப்பார்கள். அது அந்த அயர்லாந்துக்காரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முதல் கோப்பையை அவரே பெரியம்மாவின் கையில் கொடுத்தார்.

மறுநாள் மனேஜர் போன் எடுத்தார். நேற்றுப்போல ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். என் குரல் நல்ல குரல் என்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்த மாலை முழுக்க ஒருவரும் விளையாடவில்லை, பாதிப்பேர் வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கசினோவுக்கு இது சரிவராது என்றார். அழைப்பு வந்தபோது நான் மருந்துக்கடையில் நின்றேன். அன்றைக்கு நிறையப் பேருக்கு இருமல்.

நாங்கள் எல்லாரும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தோம். ஆனால் யாரோ போனில் எடுத்த வீடியோப் படம் டொரண்டோவுக்குப் போய், அங்கிருந்து மிச்சத்துக்குத் திரும்பி அம்மாவின் போனுக்குள் விழுந்தது. அம்மா அதைக் குசினியில் நின்று பார்த்தார். கிழிந்த முதுகோடு நான். கோழி மணக்கச் சித்தப்பா. இன்றைக்கு என் கதை முடிந்தது என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா படத்தை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்.

"பெரியம்மா நல்லா அழுதவவோ?"

"ஓம்."

"கனநேரம்?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சட்டை என்ன விலை என்று கேட்டார், அதற்குத்தான் எனக்கு ஏச்சு விழுந்தது.

முப்பத்தொன்றுக்குப் பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்த எல்லாம் வாழையிலையில் இருந்தன. ஐயர் போனபிறகு பெரியம்மா கைப்பையைத் திறந்தார், தகனத்தன்று இறுக்கிப் பிடித்திருந்த அதே பை. உள்ளே பிளாஸ்டிக் கிற்றார்கள், எத்தனையோ ஞாயிறுகளின் கிற்றார்கள், நிறம் நிறமாக. ஒன்றை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு, கோப்பையைப் படத்துக்கு முன்னால் வைக்க இடம் தேடினார். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடைத் தட்டை நகர்த்தி இடம் விட்டார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருவர் போகக்கூடாத இடத்துக்குப் போவதென்றால் "ஞாயிறு பூசைக்குப் போறன்" என்றுதான் சொல்வார். எந்தச் செத்தவீட்டிலாவது அழுகை மந்தமாக இருந்தால், தர்சியைக் கூப்பிட்டு மைக்கைக் குடுங்கோ என்று ஒரு குரல் கேட்கும். பெரியம்மா மட்டும் அந்தப் பகிடியில் சேர்வதில்லை. ஞாயிறு பின்னேரம் எனக்குப் போன் எடுத்து, வெளிக்கிட்டிட்டியோ என்று கேட்பார். நான் போவேன். அவரை அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, போய்த் தேத்தண்ணி வாங்கி வருவேன்.