தலைமுடிக்கு வந்த கரடி மிட்டாய்

இராஜாக்கமங்கலம் துறை,
செவ்வாய்க்கிழமை.

அறிவுள்ளவன் என்று போன வாரம் வரை நான் நம்பியிருந்த அன்புத் தம்பி ஜாஸ்பருக்கு,

உன் அக்கா ரீத்தா எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும் மகள் ரெனிஷாவும் நலம். தோஹா வெயிலில் நீயும் வாடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது மரியாதைக்கு. எனக்கு நடந்ததைக் கேட்டால் நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வாய். எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

இதை வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். முன்பு அப்படி அனுப்பியதற்கு, "அத்தான், போனை அக்காட்ட குடுங்க" என்று நீ பதில் போட்டாய். பேசியது நான்தான். என் குரல் அந்த நிலைமைக்கு வந்திருந்தது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேசவும் முடியாது.

எனக்குத் தைராய்டு மந்தம் என்று கண்டுபிடித்ததும், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொன்னதும் உனக்குத் தெரியும். மாத்திரை போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க நான் நன்றாகவே இருந்தேன். முடி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போனில் சொல்லி நான் அழுத நேரம், நீ பார்சலில் நாலைந்து புட்டி அனுப்பினாய் பாரு, அங்கேதான் தொடங்கியது. சிவப்புக் கரடிக்குட்டி போல மிட்டாய். முடிக்குச் சத்து, பெயர் பயோட்டின் என்று ரெனிஷா வாசித்துச் சொன்னாள். சத்துப் பொருளுக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று நான் கண்டதில்லை. தினமும் தின்றேன். முடி கொட்டக் கொட்ட இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தின்றேன்.

அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது, தைராய்டு அளவுக்கு மேலே ஓடுகிறது என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் பையனுக்குச் சந்தோஷம். மாத்திரை கூடிப்போயிற்று, பாதியாகக் குறைக்கலாம் என்றார். எனக்குக் குளிருகிறது, முகம் வீங்குகிறது, வயிறு போக மாட்டேன் என்கிறது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அத்தான் அந்த ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். நான் எப்போது படுத்தாலும், "உள்ள எல்லாம் ஜாஸ்தியா ஓடுதாம், நீ ஏன் இப்பிடிக் கெடக்க?" என்று கேட்பதற்கு அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

மாத்திரை பாதியானதும் உடம்பும் பாதியானது, எடையைத் தவிர. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. முடி கொட்டியதால் கரடி கூடியது. கரடி கூடியதால், இது இப்போதுதான் தெரியும், ரிப்போர்ட் இன்னும் ஏறியது. ரிப்போர்ட் ஏறியதால் டாக்டர் மாத்திரையை இன்னும் குறைத்தார். ரத்தம் கொடுக்கப் போகிற காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பார்கள். நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மிட்டாயை யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்?

சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டு அலைகிறது, நான் ஸ்வெட்டரும் மப்ளருமாகச் சந்தைக்குப் போனேன். மீன்காரிகள் காசைக் கையில் தொடாமல் வாங்கினார்கள், எனக்கு ஏதோ தொற்று என்று. ஒருநாள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி உட்கார்ந்தேன். கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது, இறங்கினேன். எதிரே நம்ம கோவில், பக்கத்தில் நம்ம ஐஸ் கம்பெனி. நாகர்கோவிலில் எப்போது இதெல்லாம் கட்டினார்கள் என்று நான் நின்று யோசித்தேன், ஜாஸ்பர். பஸ் நாகர்கோவிலுக்குப் போய், ஆளை இறக்கி, ஆளை ஏற்றித் திரும்பி வந்திருக்கிறது. கண்டக்டர் எழுப்பிப் பார்த்தாராம். நான் அவரிடம், "ரெனிஷா, கதவ சாத்து" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினேனாம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம், சிரித்துக்கொள். குருத்து ஞாயிறன்று நடந்ததுக்குச் சிரிக்காதே. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பாடகர் குழுவில் முதல் அடி எடுத்துக் கொடுப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். அன்றும் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா என்று எடுத்தேன். வந்த சத்தத்தைக் கேட்டு, ஆண்கள் பாட வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்துவிட்டார்கள். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்து, அக்கா கொஞ்சநாள் ஓய்வெடுங்கள், லிஜா பார்த்துக்கொள்வாள் என்று தயவாகச் சொன்னார். லிஜாவுக்கு நான்தான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அவள் மைக்கை வாங்கியபோது என் கையைப் பிடித்து அழுதாள். நான் அழவில்லை. கண்ணீர் வருகிற அளவுக்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து, கொஞ்சநாளில் நான் போய்விடுவேன், ரெனிஷாவை நீ பார்த்துக்கொள் என்று உனக்கு எழுத உட்கார்ந்து, எழுதாமலே தூங்கிப்போனேன்.

ரெனிஷாதான் பிடிவாதமாக நாகர்கோவிலில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். வயதான அம்மா. ரிப்போர்ட்டுகளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்கள். கன்னத்தைத் தொட்டார்கள். நாடி பிடித்து எண்ணினார்கள். பிறகு சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார்கள். கால் கொஞ்சம் யோசித்து, பைய அசைந்து, அதைவிடப் பைய திரும்பி வந்தது.

"பேப்பர் ஒண்ணு சொல்லுது, ஒடம்பு வேற சொல்லுது" என்றார்கள். "வேற என்ன மருந்து சாப்பிடுதீங்க?"

வேறு ஒன்றும் இல்லை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ரெனிஷா என்னைப் பார்த்தாள். "அம்மா, அந்தக் கரடி" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்கள். "அது ஒங்க தைராய்ட ஒண்ணும் செய்யல்ல. ரத்தம் பாக்குத மெஷினத்தான் ஏமாத்துது. கூடலா இருக்குன்னு காட்டிருக்கு. அத நம்பி மாத்திரைய கொறச்சிருக்காங்க."

 திருடன் வந்தால் பிடிக்கலாம், பேய் வந்தால் மந்திரிக்கலாம், சிவப்புக் கரடி ஆஸ்பத்திரி மெஷினை ஏமாற்றும் என்று யார் நினைப்பார்? மிட்டாயை நிறுத்தி, கொஞ்சநாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு தரையைத் தொடுகிறது என்று லேபிலிருந்து ரெனிஷாவுக்குப் போன் வந்தது. ரத்தம் கொடுத்த ஆள் நடந்தா வந்தார்கள் என்று அங்கே வேலை பார்க்கிற பிள்ளை கேட்டாளாம்.

பழைய அளவு மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. உன் அத்தான் ஃப்ரிட்ஜிலிருந்து தாளைக் கிழித்து எடுத்தார். சாளை மீன் வாங்கி வந்து அவரே உரசி, கழுவி, குழம்பும் வைத்தார். உப்பு இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கிற முறை அதுதான், நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். இப்போது எனக்கு வியர்க்கிறது. நேற்று கரண்ட் போனபோது "ஐயோ, என்ன வெக்கை" என்றேன். ரெனிஷா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். குரல் பாதி வந்திருக்கிறது. மேல் சுரம் எட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு எட்ட வேண்டும் என்று லிஜா எனக்காக நேர்ந்திருக்கிறாள்.

ஆனால் நீ, ஜாஸ்பர். டெக்னீசியனாக இத்தனை வருஷம் மெஷினோடு வேலை செய்கிறவன். அக்காவுக்கு ஒரு பொருள் அனுப்பும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்க வேண்டாமா? பாசத்துக்கும் ஒரு கணக்கு இல்லையா? உன் பாசத்தில் என் மைக் போயிற்று, மூளை போயிற்று, நாகர்கோவில் எது, நம்ம ஊர் எது என்ற விவரம் போயிற்று. இனி கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எந்தப் புட்டியும் வேண்டாம். உனக்கும் முடி கொட்டுகிறது என்று கேள்வி. கொட்டட்டும், அதைத் தொடாதே.

திட்டினாலும் நீ என் தம்பி. மாதா உன்னை எந்த ஆபத்திலும் கைவிடாமல், நல்ல வேலையும் நல்ல உறக்கமும் தரட்டும். அத்தானும் ரெனிஷாவும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாயிருக்கும் அக்கா,
ரீத்தா.

பி.கு.: கவரை ஒட்டும் முன் ரெனிஷா வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். "அம்மா, அது மாமா அனுப்பினதில்ல. ஷார்ஜாலருந்து செசிலி மாமி குடுத்து விட்டது" என்கிறாள். உன் அத்தானின் தங்கை செசிலி. அவள் பையும் உன் பையும் ஒரே வாரத்தில் வந்தனவாம். நீ அனுப்பியது போர்வையும் தலைவலித் தைலமும். அந்தப் போர்வைக்குள்தான் இத்தனை மாதம் நான் உயிரோடு இருந்திருக்கிறேன். உனக்கு நன்றி சொல்லவும் மறந்திருக்கிறேன். கரடிக்கு நன்றி சொல்லியிருந்தால் அன்றே நீ உண்மையைச் சொல்லியிருப்பாய்.

இவ்வளவு எழுதியதை மாற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. செசிலியிடம் இதில் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது, உன் அத்தான் முகம் மாறிவிடும். அதனால் திட்டு உன்னிடமே இருக்கட்டும். தம்பியைத் தவிர நான் யாரைத் திட்ட?

அவள் திருவிழாவுக்கு வருகிறாள். என் முடியை நினைத்து, இந்தத் தடவை பெரிய புட்டியாக வாங்கி வைத்திருக்கிறாளாம். என்ன செய்ய என்று உடனே எழுது.