முகப்பருவுக்கு வைத்த நலங்கு

கே.கே. நகர், திருச்சி.

மதிப்புக்குரிய மைத்துனர் ரங்கசாமி அவர்களுக்கு, பிச்சை எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை சந்திரம்மாளும் சுகம். ஸ்ரீரங்கத்தில் தங்கள் முழங்கால் சுகமா என்று அறிய ஆவல். போனில் சொன்னால் நடுவில் யோசனை சொல்வீர்கள் என்பதால் கடிதம்.

எங்கள் மகன் நவநீதன் கல்யாணத்துக்கு மாதம் ஒன்று இருக்கும்போது அவன் கன்னத்தில் ஏழு பரு கிளம்பியது தாங்கள் அறிந்ததே. மண்டப வாசலில் அவன் நண்பர்கள் வைக்கப்போவது பத்தடி பேனர். அதில் ஒவ்வொரு பருவும் இட்லி அளவுக்குத் தெரியும் என்று பேனர் கடைக்காரரே எச்சரித்தார். தாங்கள் சொன்ன வரிசைப்படி வேப்பிலை அரைத்துப் பூசினோம், எரிந்தது; சாதிக்காய் இழைத்துப் பூசினோம், காய்ந்து இறுகிப் பையன் இரண்டு நாள் சிரிக்கவில்லை; பிறகு கஸ்தூரி மஞ்சள் வாங்கப் போய் நான் சாம்பார் மஞ்சளை வாங்கி வந்துவிட்டேன், அது எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அந்த முகத்தோடு அவன் கதவைத் திறக்க, வாசலில் எடமலைப்பட்டி புதூர் சம்பந்தியம்மா பொன்னுத்தாய்.

"நலங்கு வச்சிட்டீங்களா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

பரு என்று சொல்லத் தங்கள் தங்கைக்கு மனம் வரவில்லை. "நாள் நல்லா இருந்துச்சுங்க. உங்ககிட்ட சொல்லத்தான் போனை எடுத்தேன், நீங்களே வந்துட்டீங்க."

"அப்ப எம்பொண்ணு மட்டும் சும்மா இருக்கணுமா?"

மறுநாளே இருபது பெண்களைக் கூட்டி அனுசுயாவுக்கு நலங்கு வைத்துவிட்டார். நலங்கு வைத்த பிள்ளைகள் வாசல் தாண்டக்கூடாதே, ஆக மூன்று வாரமாக அங்கே பெண்ணும் இங்கே பையனும் வீட்டுக்காவல். இவன் அறைக்குள்ளேயே லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்தான். தாங்கள் அனுப்பிய அசல் கஸ்தூரி மஞ்சளைத் தினமும் நானே குழைத்துக் கொடுத்தேன். கிண்ணம் காலியாகத் திரும்பியது. இன்று ஏழில் ஆறு பரு இல்லை. ஏழாவதைப் பேனர் கடைக்காரர் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார். மூலிகையின் மகிமையை இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மச்சான், நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்து முன்னால் நிற்கவும்.

தங்கள் அன்புள்ள,
பிச்சை

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடி நவநீதன் மேசையைத் திறந்தேன். மன்னார்புரத்தில் ஒரு தோல் டாக்டர் கொடுத்த சீட்டுகள் இருந்தன. அவன் பேரில் மூன்று, அனுசுயா பேரில் மூன்று. எல்லாம் சனிக்கிழமை மதியம், நான் தூங்கும் நேரம். களிம்பின் பெயருக்குக் கீழே டாக்டர் தெளிவான தமிழில் எழுதியிருக்கிறார்: "வீட்டில் எதை அரைத்துக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்ளவும். பூச வேண்டாம்."